பங்குனித் தொடக்கத்தில் மழை, அப்புறம் சித்திரை வரை வெயில் காய்ச்சலா? – ராமநாதபுரம் கடலோர வானிலை இழை

பாம்பன்காற்று – மார்ச் 9, இரவு 8.40

மார்ச் முதல் மே வரைக்கான மழை முன்னறிவிப்பு வரைபடம் வந்ததிலிருந்து "நம்ம மாவட்டத்துக்கு என்ன நிறம் போட்டிருக்கான்?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். அந்த வரைபடத்தை இந்த இழையில் ஒதுக்கி வைக்கிறேன். மூன்று மாத மொத்தத்தை வைத்துக்கொண்டு களத்தில் காய்கிற வத்தலை மூடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாது. அடுத்த இரண்டு மூன்று வாரம் எப்படிப் போகும் என்று மட்டும் பார்ப்போம்.

இலங்கைக்குத் தென்கிழக்கே மேகக் கூட்டம் திரண்டு மேற்கே நகர்ந்து வருகிறது. அது குமரிக்கடல் பக்கம் வரும்போது கீழடுக்கு சுழற்சியாக நிற்கும் என்று அமெரிக்கக் கணினி மாதிரி, ஐரோப்பியக் கணினி மாதிரி இரண்டுமே காட்டுகின்றன. அப்படி நின்றால் நமக்கு வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஈரக் காற்று இழுபடும். 12ஆம் தேதி ராத்திரியிலிருந்து 15 வரை மழை வாய்ப்பு நன்றாக இருக்கிறது. ராமேஸ்வரம் தீவு, மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரை கூடுதல். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கொஞ்சம் குறைவு. கமுதி, முதுகுளத்தூர் மாதிரி உள்ளே போகப் போக விட்டு விட்டுத்தான் பெய்யும்.

16க்கு மேல் வானம் தெளிந்துவிடும். அதிலிருந்து மாதக் கடைசி வரை, அனேகமாக ஏப்ரல் முதல் வாரம் வரைக்கும், பெரிதாக மழை தெரியவில்லை.

காரணம் எம்ஜேஓ. நிலநடுக்கோட்டை ஒட்டி மேகமும் மழையும் சேர்ந்த ஒரு பெரிய மண்டலம் மேற்கிலிருந்து கிழக்காகப் பூமியைச் சுற்றும். ஒரு சுற்றுக்கு 30 முதல் 60 நாள் வரை ஆகும். மேடன், ஜூலியன் என்ற இருவர் 1971இல் கண்டுபிடித்துச் சொன்னது, அவர்கள் பெயரே நின்றுவிட்டது. அது நம் இந்தியப் பெருங்கடலில் இருக்கும்போது மேகம் திரள வழி இருக்கும். இந்தோனேசியாவைத் தாண்டிப் பசிபிக் பக்கம் போய்விட்டால் நம் தலைக்கு மேலே காற்று கீழிறங்க ஆரம்பிக்கும், மேகம் வளராது. இப்போது நம் பக்கம் இருக்கிறது, அடுத்த வாரம் நகர்ந்துவிடும். மழை முதலில், காய்ச்சல் அப்புறம் என்று நான் சொல்வதற்கு ஆதாரம் இதுதான்.

கடலாடிகரிசல் – மார்ச் 9, இரவு 9.15

அண்ணே, நீங்கள் சொல்வது நடந்தால் எங்களுக்கு வயிற்றில் அடி. இரண்டாம் பறிப்பு மிளகாய்ப் பழம் முழுக்கக் களத்தில் கிடக்கிறது. செடியில் இன்னொரு பறிப்புக்குப் பழம் சிவந்து நிற்கிறது. 12க்குள் பறித்துவிடலாமா, செடியிலேயே விடலாமா?

பரமக்குடிபஞ்சாங்கம் – மார்ச் 9, இரவு 9.50

பங்குனி மழை பத்துக்கும் நட்டம் என்று பெரியவர்கள் சொன்னதைத்தான் இவர் எம்ஜேஓ, மாதிரி என்று நீட்டி முழக்குகிறார். என் செல்போன் செயலியில் 12ஆம் தேதிக்கு 80 சதவீதம், 13க்கு 20 சதவீதம் என்று போட்டிருக்கிறது. நேற்று அதே 12க்கு 30. எதை நம்புவது?

அளத்துக்காரன் – மார்ச் 9, இரவு 10.05

மழை என்ற சொல்லைப் பார்த்தாலே எங்கள் ஊரில் அடுப்பு எரியாது. ஜனவரியிலிருந்து உப்பளத்தில் கடல் தண்ணீர் கட்டி, தெப்பம் தெப்பமாக (தண்ணீர் தேக்கும் பாத்தி) மாற்றி, இப்போதுதான் பாத்தியில் உப்பு நன்றாக விழ ஆரம்பித்திருக்கிறது. எத்தனை மணி நேரம் பெய்யும் என்பதை மட்டும் சொல்லுங்கள். ஒரு மணி நேரத் தூறல் என்றால் சமாளிக்கலாம்.

பாம்பன்காற்று – மார்ச் 10, காலை 6.30

பரமக்குடி அண்ணனுக்கு முதலில். செயலிகள் உலக அளவிலான மாதிரியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டுபவை. ஐரோப்பிய மாதிரியின் கட்டமே ஏறக்குறைய 9 கி.மீ. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி வரை தீவு கிடக்கிற வடிவத்தை யோசித்துப் பாருங்கள். ஒரு கட்டத்தில் பெரும்பகுதி கடல்தான். அந்தக் கட்டத்தில் மழை என்றால் அது கடலில் கொட்டிவிட்டுப் போனாலும் செயலியைப் பொறுத்தவரை சரிதான். சதவீதம் தினமும் மாறுவதைப் பார்க்காதீர்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது மூன்று நான்கு நாளாக மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தத் தடவை அது மாறவில்லை.

அளத்துக்கார அண்ணே, மணிக் கணக்கை இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எந்த நேரம் என்று ஓரளவு சொல்லலாம். கிழக்குக் காற்றில் வரும் பங்குனி மழை நம் கரையில் பெரும்பாலும் நடு ராத்திரிக்கு மேல் தொடங்கி விடிந்து எட்டு ஒன்பது மணிக்குள் முடியும். சித்திரை மழை வேறு சாதி. உள்ளே பரமக்குடி, கமுதிப் பக்கம் வெயிலில் தரை கொதித்து, கடல் காற்று உள்ளே நுழைந்து மோதுகிற இடத்தில் இடி மேகமாக எழும்பி, சாயங்காலம் மேல்காற்று (மேற்கிலிருந்து வீசுவது) தள்ளினால் மட்டுமே கடலோரத்துக்கு வரும். பல நாள் இடிச் சத்தம் மட்டும் வந்து சேரும். அதனால் 12 ராத்திரி படுக்கப் போகும் முன் செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள்.

எட்டிவயல்தரகு – மார்ச் 10, காலை 7.20

கடலாடித் தம்பிக்கு: செடியில் நிற்கும் பழத்தை அவசரப்பட்டுப் பறிக்க வேண்டாம் என்பது என் கருத்து. செடியில் நனைந்த பழம் இரண்டு வெயிலில் தேறிவிடும், கொஞ்சம் உதிரும் அவ்வளவுதான். பறித்துக் குவித்த பச்சைப் பழம் நனைந்தால் போச்சு. பூஞ்சை பிடித்து வெளுத்து சண்டு வத்தல் ஆகிவிடும். சண்டுக்கும் நல்ல முண்டு மிளகாய்க்கும் விலை வித்தியாசம் உங்களுக்கே தெரியும். களத்தில் பாதி காய்ந்து கிடப்பதுதான் இப்போது முக்கியம், அதைக் கொட்டகைக்குள் ஏற்றிவிடுங்கள்.

2023இல் நம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதிலிருந்து ஏற்றுமதிக்கு வாங்குகிறவர்கள் பூஞ்சை நஞ்சுக்கு மாதிரி எடுத்துச் சோதிப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஒரு ராத்திரி நனைந்த சரக்கைத் திரும்பக் காயவைத்து மேலே நல்லதைப் பரப்பிக் கொண்டு வருவது பழைய பழக்கம். இனி அது செல்லாது.

கடலாடிகரிசல் – மார்ச் 10, காலை 7.45

கொட்டகைக்கு எங்கே போக? தார்ப்பாய்தான்.

எட்டிவயல்தரகு – மார்ச் 10, காலை 8.10

தார்ப்பாய் போடுங்கள், ஆனால் கீழேயும் ஒன்று விரித்துத்தான் குவிக்க வேண்டும். மேலே மூடிவிட்டுக் கீழே மண் தரையாக விட்டால் தண்ணீர் அடி வழியாக ஏறும். குவித்ததைச் சுற்றிச் சின்ன வாய்க்கால் கீறி விடுங்கள். விடிந்து மழை நின்றதும் உடனே திறந்துவிட வேண்டும், இது முக்கியம். வெயில் ஏறிய பிறகும் மூடியே கிடந்தால் உள்ளே புழுங்கி, மழை செய்யாததை மூடாக்கு செய்துவிடும்.

மங்கலம்கண்மாய் – மார்ச் 10, காலை 9.30

எல்லோரும் அழுவதற்கு நடுவில் ஒருத்தன் சிரித்தால் கோபிக்காதீர்கள். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் எங்களுக்கு இந்த மழை அப்படியே வேண்டும். நெல் அறுத்த தரிசில் பருத்தி போட்டவர்கள் ஒரு தண்ணீருக்குத் தவிக்கிறார்கள். பெரிய கண்மாயில் மடை மட்டத்துக்குக் கீழேதான் தண்ணீர் கிடக்கிறது.

பருத்தியை விடுங்கள், கோடை உழவைச் சொல்லுங்கள். நம் மாவட்டத்தில் பெரும்பாலும் மானாவாரி. ஆவணி புரட்டாசியில் புழுதியில் விதைக்கிற ஊர்கள். கோடையில் ஒரு தடவை ஆழ உழுது போட்டால்தான் ஐப்பசி மழையைத் தரை குடிக்கும். அந்த உழவுக்கு முதலில் ஒரு மழை வேண்டும், இல்லாவிட்டால் கொழு இறங்காது. உழுத பிறகு மூன்று வாரம் நல்ல காய்ச்சல் வேண்டும், இல்லாவிட்டால் புரட்டிப் போட்ட களை திரும்ப வேர் பிடித்துவிடும். பாம்பன் தம்பி சொல்கிற வரிசை, மழை முதலில் காய்ச்சல் அப்புறம், எங்களுக்கு எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. இதுவே முதலில் காய்ந்துவிட்டு சித்திரைக் கடைசியில் அடிக்கடி பெய்தால் அதே அளவு மழையால் எங்களுக்குப் பாதிப் பயன் கூட இல்லை.

பரமக்குடிபஞ்சாங்கம் – மார்ச் 10, காலை 10.00

பொன்னேர் பூட்டுவது சித்திரை ஒன்றில். பங்குனியிலேயே உழுவதா?

மங்கலம்கண்மாய் – மார்ச் 10, காலை 10.25

பொன்னேர் சாமிக்கு, ஐயா. அன்றைக்கு நல்ல நேரம் பார்த்து நாலு சால் ஓட்டுவோம், கும்பிடுவோம். ஈரம் எப்போது இருக்கிறதோ அப்போதுதான் உழவு. சித்திரை வரை ஈரம் நமக்காகக் காத்திருக்காது.

தெற்குவாடி – மார்ச் 10, பகல் 1.10

எங்கள் கணக்கைக் கேளுங்கள். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை, 61 நாள். அதற்கு முன்னால் கிடைக்கிற ஒவ்வொரு தொழில் நாளும் காசு. இதில் காற்று எச்சரிக்கை போட்டால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது, படகு கரையிலேதான். மழையைப் பற்றிக் கவலையில்லை. காற்று எவ்வளவு?

பாம்பன்காற்று – மார்ச் 10, இரவு 7.30

மன்னார் வளைகுடாவிலும் குமரிக்கடலிலும் சுழற்சி நின்றால் வழக்கமான எச்சரிக்கை வரும் என்றே நினைக்கிறேன்: மணிக்கு 35 முதல் 45 கி.மீ., இடையிடையே 55. அது 12, 13, 14 மூன்று நாளைக்குத்தான். பாக் நீரிணைப் பக்கம் காற்று அவ்வளவு இராது. ஆனால் நான் சொல்வதை வைத்துக் கடலுக்குப் போகவோ நிற்கவோ வேண்டாம், வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கைதான் கணக்கு. 16க்கு மேல் கடல் படுத்துவிடும். கச்சான் காற்று (மேற்கிலிருந்து வீசுவது) முழு வேகத்தில் கிளம்ப இன்னும் நாள் இருக்கிறது, அதனால் தடைக்கு முன் கடைசி நான்கு வாரம் நல்லபடியாக அமையும்.

கீழக்கரைகாக்கா – மார்ச் 10, இரவு 8.15

நான் இப்போது துபாயில். 14ஆம் தேதி வீட்டில் மச்சான் மகள் நிக்காஹ். பந்தலுக்குத் தகரமா துணியா என்று இரண்டு நாளாக வீட்டில் சண்டை. இந்த இழையை அனுப்பினேன், தகரம் என்று முடிவாகிவிட்டது. பாம்பன் தம்பிக்கு ஒரு பார்சல் பிரியாணி கடன்.

சாயல்குடிபனை – மார்ச் 11, காலை 5.50

மரத்துக்குக் கிளம்பும் முன் படித்தேன். பதநீர் இப்போதுதான் சுரக்க ஆரம்பித்திருக்கிறது. மழை பெய்தால் கலயத்தில் தண்ணீர் சேரும், அந்தப் பதநீரைக் காய்ச்சினால் விறகுதான் போகும், கருப்பட்டி கட்டாது. அது கூடப் பரவாயில்லை. நனைந்த பனையில் கால் நிற்காது. இடி விழுகிற காலத்தில் ஊரிலேயே உயரமான மரத்தின் உச்சியில் அரிவாளோடு உட்கார்ந்திருப்பது நாங்கள்தான். இடியை முன்கூட்டிச் சொல்கிற செயலி ஏதோ இருக்கிறது என்றார்களே?

பாம்பன்காற்று – மார்ச் 11, காலை 6.40

இருக்கிறது, தாமினி என்று பெயர். நம்மைச் சுற்றி 20, 40 கி.மீ. வட்டத்துக்குள் மின்னல் அடித்தால் காட்டும். விவசாயத்துக்கு மேகதூத் என்று இன்னொன்று. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் வருகிற வேளாண் வானிலை அறிக்கை மாவட்ட வாரியாக அதில் தமிழிலும் இருக்கும். ஆனால் மரத்தில் இருக்கும்போது செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இடிச் சத்தம் காதில் கேட்டாலே அடுத்த மின்னல் உங்கள் மேல் விழக்கூடிய தூரத்துக்குள் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். முதல் சத்தத்துக்கே இறங்கிவிடுங்கள், பாளை சீவுவது பாதியில் நின்றாலும் சரி. அளத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் இதே பேச்சுதான். சுற்றிலும் வெட்டவெளி, காலடியில் உப்புத் தண்ணீர்.

பொறியாளன்_தொண்டி – மார்ச் 11, இரவு 9.00

ஒரு மாற்றுக் கருத்து. 12 முதல் 15 வரை மழை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "16க்கு மேல் மூன்று வாரம் காய்ச்சல்" என்பதை இவ்வளவு அடித்துச் சொல்வது சரியா? பத்து நாளுக்கு மேல் எந்த மாதிரிக்கும் தெளிவு கிடையாது. எல் நினோ, லா நினா கணிப்பே மார்ச் முதல் மே வரை தடுமாறுகிற காலம் இது. இதை நம்பி ஒருத்தர் தார்ப்பாயை எடுத்து வைத்துவிட்டால்?

பாம்பன்காற்று – மார்ச் 11, இரவு 10.20

நியாயமான கேள்வி. இரண்டையும் ஒரே உறுதியோடு நான் சொல்லவில்லை. 12–15 பற்றி மாதிரிகள் தேதி வாரியாக ஒத்துப்போகின்றன. 16க்கு மேல் சொல்வது இந்த நாள் பெய்யாது, அந்த நாள் பெய்யாது என்கிற கணக்கு அல்ல. வழக்கத்தை விடக் காய்ந்திருக்க வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். வியாழக்கிழமைதோறும் வானிலை ஆய்வு மையம் வெளியிடுகிற நீட்டித்த முன்னறிவிப்பும் அப்படித்தான் வாரம் வாரமாகப் பேசும். நடுவில் ஒரு நாள் சாயங்காலம் முதுகுளத்தூரில் ஓர் இடி மேகம் கொட்டிவிட்டுப் போகலாம். அதை மூன்று வாரம் முன்னால் யாரும் சொல்ல முடியாது.

எல் நினோவை இந்தப் பேச்சில் சேர்க்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். அதன் பிடி நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் தெரிகிற அளவுக்குப் பங்குனியில் தெரியாது.

மூன்று மாத வரைபடத்தை ஏன் ஒதுக்கினேன் என்பதற்கும் இதுதான் காரணம். அதில் மூன்று பெட்டி இருக்கும்: இயல்பை விடக் கூட, இயல்பு, குறைவு. மூன்றுக்கும் சமமாக 33 சதவீதம் வந்தால் அங்கே சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று பொருள். சரி, ஏதோ ஒரு நிறம் விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நம் கடலோரத்தில் மொத்தம் என்பது ஒரு ராத்திரியில் தலைகீழாகிவிடும். 2024 நவம்பர் 20 ஞாபகம் இருக்கிறதா? ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல். ஆண்டு முழுக்க மாவட்டத்தில் பெய்வதே 80 செ.மீ. சொச்சம், அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில். அந்த மாதத்தின் மொத்தத்தைப் பார்த்தவனுக்குத் தீவு செழித்துக் கிடந்த மாதிரி இருக்கும். தங்கச்சிமடத்தில் வீட்டுக்குள் தண்ணீர் இறைத்தவர்களைக் கேளுங்கள்.

மண்டபம்மிதவை – மார்ச் 11, இரவு 10.50

கடலில் மிதவை கட்டிக் கடல்பாசி வளர்க்கிற பெண்கள் குழுவிலிருந்து எழுதுகிறேன். எங்களை யாரும் சேர்க்கவில்லை. கப்பாபைகஸ் பாசிக்கு மழை, வெயில் இரண்டுமே எதிரி. கனமாகப் பெய்து கரையோரம் உப்புக் குறைந்தால் நுனி வெளுக்கும். காற்றே இல்லாமல் வெயில் காய்ந்து தண்ணீர் சுட்டால் தண்டு வெள்ளையாகி ஒடிந்து விழும். 2010, 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை வெளுத்ததே, அதே சூடுதான் எங்கள் மிதவையையும் பார்க்கும். எனக்குத் தெரிய வேண்டியது காய்ச்சல் நாட்களில் காற்று இருக்குமா என்பது.

பாம்பன்காற்று – மார்ச் 12, காலை 6.15

அக்கா, இந்த இழையில் வந்த நல்ல கேள்வி இதுதான். மார்ச் கடைசி வாரத்தில் காற்று மிக மெதுவாகத் தெரிகிறது, பாக் நீரிணைப் பக்கம் குறிப்பாக. தெற்குவாடி அண்ணனுக்குக் கொண்டாட்டமாக இருக்கிற அதே தட்டைக் கடல் உங்களுக்குத் தொல்லை. கடலோரத்தில் பகல் வெயில் 32, 33 டிகிரிதான் காட்டும், பரமக்குடி அளவுக்கு ஏறாது. ஆனால் மேகமும் காற்றும் இல்லாத நாட்கள் தொடர்ந்தால் ஆழமில்லாத தண்ணீர் சீக்கிரம் சூடேறும். முடிந்தால் அறுவடைக்கு நெருங்கிய மிதவைகளை 20ஆம் தேதிக்குள் எடுத்துவிடுங்கள். விதைப் பாசியைக் கொஞ்சம் ஆழமான இடத்துக்கு நகர்த்துவது பற்றி மண்டபம் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்பது நல்லது, அது என் வரம்புக்கு வெளியே.

கீழக்கரைகாக்கா – மார்ச் 13, காலை 7.05

வீட்டிலிருந்து குரல் செய்தி: ராத்திரி இரண்டு மணிக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை. தெருவில் கணுக்கால் தண்ணீர். தகரத்தில் விழுகிற சத்தத்தில் யாருக்கும் தூக்கமில்லையாம், ஆனால் சந்தோஷமாகத் தூங்கவில்லை.

தெற்குவாடி – மார்ச் 13, காலை 7.30

பாம்பனில் காற்றோடு நல்ல மழை. 1ஆம் எண் கூண்டெல்லாம் இல்லை. டோக்கன் நேற்றே நிறுத்திவிட்டார்கள். கருவாடு காயப்போட்ட அக்காமார்தான் பாவம், ராத்திரி இரண்டு மணிக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள்.

கடலாடிகரிசல் – மார்ச் 13, காலை 8.00

இங்கே தூறல் மட்டும். தார்ப்பாய் மேலே தண்ணீர் நிற்கக்கூட இல்லை.

பொறியாளன்_தொண்டி – மார்ச் 13, காலை 8.40

தொண்டியில் ஒரு சொட்டு இல்லை. மேகம் மட்டும்.

அளத்துக்காரன் – மார்ச் 14, இரவு 9.45

இரண்டு ராத்திரி பெய்தது. பாத்தியை எப்படிக் காப்பாற்றினோம் என்று கேட்டவர்களுக்காக எழுதுகிறேன், புதிதாக அளம் எடுத்தவர்களுக்கு உதவலாம்.

மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரை விட எடை குறைவு. பெய்து முடிந்ததும் அது பாத்தியில் மேலாகத்தான் நிற்கும், உடனே கலந்துவிடாது. காற்று கிளம்பி அலைக்கழிக்கும் முன் மேல் மடையைத் திறந்து அந்த மேல் தண்ணீரை மட்டும் வடித்துவிட்டால் கீழே இருக்கிற கனத் தண்ணீர் பெருமளவு தப்பும். நாங்கள் விடிகாலை நாலரைக்கே இறங்கிவிட்டோம். கடல் தண்ணீர் மூன்று டிகிரி சொச்சத்தில் (உப்புச் செறிவுக்கான டிகிரி, சூடு அல்ல) வந்து, 25 டிகிரிக்கு ஏறினால்தான் உப்பு விழும். அந்த 25ஐ எட்ட வாரக்கணக்கு ஆகும். ஒரு மழையில் அது 15க்கு இறங்கிவிட்டால் அத்தனை நாள் வெயிலும் வீண். இந்தத் தடவை பாதிப் பாத்திகள் 20க்குக் கீழே போகவில்லை. தரையில் விழுந்திருந்த மெல்லிய உப்பு கரைந்துவிட்டது, அது போனது போனதுதான். முன்னாடியே வாரி மேட்டில் அம்பாரமாகக் குவித்து, ஓலை போட்டு மூடியது அப்படியே இருக்கிறது.

இனி பாம்பன் தம்பி சொல்கிற காய்ச்சல் வந்தாக வேண்டும். மேல்காற்று அடித்தால் இன்னும் நல்லது, வெறும் வெயிலை விட அது சீக்கிரம் தண்ணீரை வாங்கும்.

மங்கலம்கண்மாய் – மார்ச் 15, காலை 11.00

14 சாயங்காலம் எங்களுக்கு ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தது. பருத்தி நிமிர்ந்துவிட்டது. இன்று டிராக்டர் வாடகைக்குக் கேட்டால் வரிசையில் நிற்கச் சொல்கிறார்கள். கரிசலில் இன்றே இறக்காதீர்கள், கொழுவில் அப்பிக்கொள்ளும், கட்டி கட்டியாகப் புரளும். கையில் பிடித்து உருட்டினால் உருண்டை ஆகி, தட்டினால் உதிர வேண்டும். இந்த வெயிலுக்கு அந்தப் பதம் இரண்டு மூன்று நாளில் வரும், அதைத் தாண்டினால் தரை இறுகிவிடும். சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். கோரை அதிகமுள்ள நிலமாக இருந்தால் உழுதபின் பரம்படிக்காமல் கட்டியாகவே போட்டுவிடுங்கள், கிழங்கு வெயிலில் காயட்டும்.

பரமக்குடிபஞ்சாங்கம் – மார்ச் 15, பகல் 12.20

பத்துக்கும் நட்டம் என்றேன், பருத்தியை மறந்துவிட்டேனாம், வீட்டில் சொல்கிறார்கள். பழமொழி சொன்னவர் மிளகாய்க்காரராக இருந்திருப்பார்.

எட்டிவயல்தரகு – மார்ச் 19, இரவு 8.00

இந்த வாரம் சந்தை வரத்தில் கடலாடி, முதுகுளத்தூர்ச் சரக்கு நிறம் கெடாமல் வந்தது. ஏர்வாடி ஓரத்துச் சரக்கில் சண்டு தெரிகிறது. இன்னொரு விஷயம். மழைக்குப் பிறகு வானம் தெளிந்ததால் விடிகாலையில் பனி இறங்குகிறது. மழை போய்விட்டது என்று ராத்திரி திறந்து போடாதீர்கள். சாயங்காலம் குவித்து மூடி, காலை எட்டு மணிக்குப் பனி உலர்ந்த பின் பரப்புங்கள். செடியில் நின்ற பழத்தை இப்போது பறிக்கலாம், இதுதான் சமயம்.

கடலாடிகரிசல் – மார்ச் 19, இரவு 8.30

நேற்றே ஆள் விட்டுவிட்டேன். உதிர்ந்தது கொஞ்சம்தான்.

பொறியாளன்_தொண்டி – மார்ச் 24, காலை 9.10

பத்து நாளாக மேகமே இல்லை, காய்ச்சல் இதுவரை சொன்னபடிதான். ஆனால் ஒரு சந்தேகம்: ஏப்ரலில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் ஏதாவது வந்தால் இந்தக் காய்ச்சல் உடையுமா? ஒரு வீடியோவில் இப்போதே புயல் என்று படம் போட்டுக் கிளப்பியிருக்கிறார்கள்.

பாம்பன்காற்று – மார்ச் 24, இரவு 7.50

அந்த வீடியோவை விடுங்கள், இப்போதைக்கு எதுவும் இல்லை. பொதுவாகச் சொன்னால் கோடைப் புயலை மழையோடு சேர்த்து நினைப்பது நமக்கு ஏமாற்றம்தான் தரும். 2019 ஏப்ரல் கடைசியில் ஃபானி தமிழ்நாட்டுக்கு வருகிறது என்று எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். அது ஒடிசாவுக்குப் போய் மே 3இல் கரை ஏறியது. போகிற வழியில் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு, நமக்கு மேல்காற்றையும் வெக்கையையும் விட்டுவிட்டுப் போனது. புயல் வடக்கே திரும்பினால் கோடைக் காய்ச்சல் இன்னும் கூடும். அளத்துக்கார அண்ணனுக்கு மட்டும் அது நல்ல செய்தி.

அளத்துக்காரன் – மார்ச் 24, இரவு 8.05

புயலே வேண்டாம் தம்பி, இருக்கிற வெயில் போதும். வடித்த பாத்திகள் திரும்ப 24ஐத் தொட்டுவிட்டன. இந்த வாரக் கடைசியில் வாரலாம்.

மண்டபம்மிதவை – மார்ச் 25, காலை 6.00

அறுவடை முடித்துவிட்டோம். நாலு மிதவை மட்டும் விதைக்காக ஆழத்தில் கிடக்கிறது. தண்ணீர் தொட்டால் ஏற்கனவே வெதுவெதுப்பு. தென்காற்று எப்போது எடுக்கும்?

பாம்பன்காற்று – மார்ச் 25, இரவு 9.30

சோழகம் பகலில் லேசாக எடுக்க ஏப்ரல் முதல் வாரம் ஆகும் போலத் தெரிகிறது அக்கா. உறுதியாகச் சொல்ல வியாழக்கிழமை முன்னறிவிப்பு வர வேண்டும். அதில் ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்கு உள்மாவட்டத்தில் இடிமழை ஏதாவது காட்டினால் சித்திரைக்கென்று தனி இழை திறக்கிறேன். இதை நடத்துநர் பூட்டிவிடலாம்.

காக்கா, பிரியாணி இன்னும் வரவில்லை.